சொல்லாமல் உருகுவது

கொராடோ பழக்கடைக்காரன். அழுகத் தொடங்கிய ஆரஞ்சை 'ஜூஸுக்கு இதுதான் உசத்தி' என்று விற்று, வாங்கினவளையே மறுவாரம் இன்னொரு பை கேட்டு வரவைக்கிற குலம். அப்பேர்ப்பட்டவனிடம் போய், "உன் மகனோட வெல்டிங் மெஷின் சும்மாதானே கிடக்கு?" என்று பேச்சை ஆரம்பித்ததே கோலின் டிரெசைஸ் செய்த முதல் பிழை. எந்த வியாபாரியிடமும் எந்தப் பொருளும் சும்மா கிடப்பதில்லை.

"சும்மா கிடக்குதுன்னு யாருய்யா சொன்னது? அது ஓய்வுல இருக்கு," என்றான் கொராடோ.

"உம் மகன் சுரங்க வேலைக்குப் போனதுலேர்ந்து அது மேல துணி மூடிக் கிடக்கு."

"நல்ல சரக்கு நல்லா ஓய்வெடுக்கும். உன்னை மாதிரி."

கோலினின் 'ஓய்வு' ஊரறிந்த விஷயம். தானியக் கிடங்குகள் செய்கிற இரும்புப் பட்டறையில் முப்பது வருடம் வெல்டராக இருந்தான். ஒருநாள் முதலாளிகள் எல்லாரையும் கூப்பிட்டுக் கேக் வெட்டிக் கொடுத்தார்கள். கேக் கொடுக்கிறார்களே என்று சந்தேகப்படாமல் தின்றவர்களில் கோலினும் ஒருவன். அடுத்த வாரம் வாசலில் சங்கிலி. அந்தக் கடலோரச் சின்ன ஊர் போர்ட் கெரிக்கில் அதற்குப்பின் விற்பனைக்கு வராத வீடு குறைவு. வாங்க ஆள்தான் இல்லை. பலகைகள் வெயிலில் வெளுத்து, எது விற்பனைக்கு, எது வாடகைக்கு என்று படிக்கக்கூட முடியாத நிலை.

கடைசியில் பேரம் படிந்தது. கோடை முடியும்வரை வாரம் ஒரு பெட்டி நீல நண்டு. கோலினே பிடிக்க வேண்டும், கோலினே கழுவ வேண்டும். கொராடோவின் பாட்டன் முப்பாட்டன் எல்லாரும் இந்த வளைகுடாவில் வலை வீசினவர்கள். இவனுக்கோ படகைப் பார்த்தாலே குமட்டும். கூடவே ஒரு நிபந்தனை: கோலினின் ஷெட்டில் தனக்கு ஒரு நாற்காலி.

"எதுக்கு?"

"என் மெஷினை நீ கொல்றதை நான் பாக்க வேணாமா?"

மெஷின் எதற்கென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கேரவன்களுக்கும் பிக்கப் வண்டிகளுக்கும் அலுமினியத் தண்ணீர்த்தொட்டி செய்கிற டெனிஸ் ஹோகார்த்தின் பட்டறை ஒன்றுதான் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. கோலின் நேரில் போய் நின்றான். அவள் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மாட்டுச் சந்தையில் வளர்ந்தவள்.

"இரும்பு ஆளு நீ. இது வேற சாமி, வேற பூசை," என்றாள். "மெல்லிசுத் தகட்டுல ஒரு மூடின டப்பா செய்யணும். டிக் வெல்டிங். பெஞ்சுல உக்காந்து, கால் பெடல் வெச்சு. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வா. உன் டப்பாவுல காத்தடிச்சு சோப்புத் தண்ணியில முக்குவேன். குமிழி வந்தா வீட்டுக்குப் போ. வரலேன்னா உன் ஓவர்ஆல் சைஸைச் சொல்லு."

"பழகிட்டு வரேன்."

"பழகாம வந்துடாதே. என் தகடு வீணாப் போகும்."

வேலை கிடைக்காவிட்டால் அடிலெய்டு. அவன் மனைவி ரேலீனின் தங்கை கெய்லீன் அங்கிருந்து வாராவாரம் போன் பண்ணி, "பேசாம இங்க வந்துடுங்களேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்பாகத்தான் சொன்னாள். கோலினுக்கு அந்த அன்பு, கடன்காரன் வீட்டு வாசலில் நின்று சிரிப்பதைப் போல இருக்கும். ரேலீன் ஒன்றும் சொல்லமாட்டாள். பேக்கரியில் விடியுமுன்னே போய் நூற்றுக்கணக்கில் கறி பொதிந்த பாஸ்டி மடித்துவிட்டு வருகிறவளுக்குப் பேச எங்கே தெம்பு?

ஷெட்டில் மெஷினை இறக்கினார்கள். ஜனவரி, அங்கே உச்சக்கோடை வெயில். தகரக்கூரை மேலே உட்கார்ந்த கடற்பறவைகூட ஒற்றைக்கால் மாற்றி மாற்றி நின்றது. கோலின் கதவைச் சாத்தினான்.

"எதுக்குய்யா சாத்தறே? நாம என்ன பாஸ்டியா, வேகறதுக்கு?"

"கடல் காத்து வந்தா ஆர்கானைத் தூக்கிட்டுப் போயிடும். உருகற இடத்தைக் காத்து படாம மூடி வெக்கறதுக்குத்தான் அந்த வாயுவே."

"நல்ல தொழில் பிடிச்சே. மூச்சுக்குக் காத்து வேணும், வேலைக்குக் காத்து ஆகாது."

முதல் நாள் கோலின் தன் பழைய சிலிண்டரையே மாட்டினான். இரும்பு வெல்டிங்குக்கு வைத்திருந்தது. ஆர்கானோடு கரியமில வாயு கலந்தது. ஆர்கான் ஆர்கான்தானே என்று கை பழக்கத்தில் திறந்துவிட்டான். டார்ச்சை மூட்டியதும் தகட்டின்மேல் அடுப்படிச் சுவர்போலக் கரி அப்பியது. டங்ஸ்டன் ஊசியின் முனை மெழுகுவர்த்திபோல வழிந்து கறுத்தது. சிலிண்டரின் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கொராடோ மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தான்.

"நான் ஆலிவ் எண்ணெயில கொஞ்சமா வேற எண்ணெய் கலந்தா ஊரே திட்டுது. இவனுங்க காத்துலயே கலப்படம் பண்ணி, அதைச் சீட்டுல எழுதியும் ஒட்டியிருக்கானுங்க! அங்க நிக்கறான்யா வியாபாரி."

சுத்தமான ஆர்கான் சிலிண்டர் வந்தது. ஊசியைப் புதிதாகத் தீட்டினான். மெஷினை ஏ.சி. மின்சாரத்துக்குத் திருப்பினான். அலுமினியத்துக்கு அப்படித்தான், கொதித்த பால்மேல் ஏடு மாதிரி அதன்மேல் ஒரு தோல் இருக்கும். உள்ளே உலோகம் குழம்பானாலும் தோல் உருகாது. மின்சாரம் முன்னும் பின்னும் மாறி ஓடும்போதுதான் அந்தத் தோல் கிழியும். அதற்கும் முன்னால் அசிட்டோனால் துடைத்து, இரும்பைத் தொட்டறியாத புது எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அந்தப் பிரஷ்ஷைக் கோலின் தனியே ஓர் ஆணியில் மாட்டி, 'தொடாதே' என்று எழுதிவைத்தான். கொராடோவுக்காக எழுதியது அது. கொராடோ அன்றே அதை எடுத்து முதுகு சொறிந்தான்.

மின்சாரத்தின் உச்ச அளவை மெஷின் முகப்பில் வைக்க வேண்டும். அதில் எவ்வளவு எடுப்பது என்பது காலில் இருக்கிறது. தையல் மெஷின் பெடல் மாதிரி ஒன்று தரையில் கிடக்கும். மேலே பானை, கீழே கரண்டி. பெடலை அழுத்த அழுத்தச் சூடு ஏறும், தளர்த்தத் தளர்த்த இறங்கும். ஒரு கையில் டார்ச், மறு கையில் உருகி நிரப்புகிற ஃபில்லர் ராடு, காலில் தாளம். மூன்றும் ஒத்துப்போனால் தகட்டின்மேல் சில்லறைக் காசுகளைச் சரித்து அடுக்கியதுபோல ஒரு வரிசை விழும். ஒத்துப்போகாவிட்டால் ஓட்டை.

கோலினுக்கு ஓட்டைதான் விழுந்தது.

முதலில் அதற்குக் காரணம் இருந்தது. இரும்பு நாகரிகம் தெரிந்த உலோகம். கோபம் வந்தால் முதலில் முகம் சிவக்கும், அப்புறம் மஞ்சளிக்கும், 'இனி தாங்கமாட்டேன்' என்று எதிராளிக்குத் தெரியப்படுத்திவிட்டுத்தான் உருகும். முப்பது வருடம் அந்த முகத்தையே பார்த்துப் பிழைத்தவன் கோலின். அலுமினியத்துக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. வெள்ளையாகவே இருக்கும். கண்ணாடிபோல ஒருமுறை பளபளக்கும். அடுத்த கணம் அங்கே தகடே இருக்காது. கடையில் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு எதையும் வாங்காமல் இறங்கிப்போகிற வாடிக்கையாளர் மாதிரி. கோலின் சிவப்புக்காகக் காத்திருந்தான். அந்தக் காத்திருப்புக்குள் உலோகம் சொட்டிப்போனது.

சிவப்பை மறக்க அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது. மறந்தான். பளபளப்பு வந்ததும் ராடைத் தொட்டு நகரக் கற்றான். ஆனால் ஓட்டை நிற்கவில்லை. டங்ஸ்டனை மாற்றினான். டார்ச்சின் பீங்கான் மூக்கை மாற்றினான். வாயுவைக் கூட்டினான், குறைத்தான். மெஷினையே திட்டினான். மெஷினைத் திட்டியதும் கொராடோ நாற்காலியிலிருந்து எழுந்து வந்தான். தன் சரக்கைப் பழிக்க விடுகிற ஜாதி இல்லை அவன். தர்பூசணிக் கீற்றைக் கடித்துக்கொண்டே பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"எங்க, மறுபடி பண்ணு. எவ்வளவு மிதிக்கறே?"

"பாதி."

"இப்பவும் பாதியா?"

"பாதிக்கும் கம்மி. ஏன்யா தொணதொணக்கறே, இங்க பாரு, போச்சு! மறுபடி ஓட்டை."

"காலை எடுக்காதே. அப்படியே ஹெல்மெட்டைத் தூக்கிட்டுக் கீழ பாரு."

கோலின் பார்த்தான். பெடல் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அதன்மேல் அவனுடைய பூட்ஸ், யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல.

வானொலியில் கிரிக்கெட் ஓடியது. யாரோ அவுட்.

"தூக்கு," என்றான் கொராடோ.

கோலின் தூக்கினான். பெடல் பாதி எழுந்தது. "முழுசாத் தூக்கிட்டேன்," என்றான்.

"இல்ல மேட்," என்றான் கொராடோ. அவன் குரலில் முதன்முறையாக வியாபாரம் இல்லை. "தூக்கல."

கோலினுக்குச் சர்க்கரை வந்து வருடங்கள் ஆகியிருந்தன. 'கொஞ்சூண்டு சர்க்கரை' என்பான், ஏதோ டீயில் போட்டுக்கொள்கிற அளவைப்போல. போன குளிர்காலத்தில் நர்ஸ் ஒருத்தி அவனைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் நைலான் இழையால் தொட்டுத் தொட்டு, 'தெரியுதா' என்று சோதித்தாள். அவளுடைய நாற்காலிக்கு ஒரு கிறீச்சு உண்டு. அவள் குனிந்தால் கிறீச்சிடும். கிறீச்சிட்டபோதெல்லாம் கோலின் 'தெரியுது' என்றான். அருமை என்று அனுப்பிவைத்தாள். வெளியே வந்து அவன் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு ஒரு பீர்கூடக் குடித்தான். ஏமாந்தது யார் என்று அப்போது கணக்குப் பார்க்கவில்லை.

"டாக்டர்கிட்டப் போ," என்றான் கொராடோ.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்."

"இன்னிக்குப் போ."

"இன்னிக்குப் போனா, வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிடுவான். அப்புறம் டெனிஸ் எதுக்கு என்னைக் கூப்பிடறா? ரேலீன்கிட்ட மூச்சு விடாதே."

"விட்டா?"

"நண்டு நின்னுடும்."

கொராடோ யோசித்தான். நண்டுக்காக யோசித்தான் என்று சொன்னால் அது அவன்மேல் பழி. முகத்தை மட்டும் நண்டுக்காக யோசிக்கிறவன் மாதிரி வைத்துக்கொண்டான். "சரி. வெள்ளிக்கிழமை வரைக்கும்."

அதன்பிறகு கோலின் காலை நம்புவதை விட்டான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகினான்; எவ்வளவு மிதித்தாலும் பாதிக்குமேல் இறங்காது. பலன் உடனே தெரிந்தது. வெல்டிங் தையல் அழகாக ஆரம்பித்தது, காசு காசாக. முக்கால் தூரம் வந்தது. முக்கால் தூரத்தில் தகடு முழுதும் சூடேறிவிட்டிருக்கும். அங்கே காலைத் தளர்த்தியாக வேண்டும். தளர்த்தினேன் என்று அவன் நினைத்தான். கால் நினைக்கவில்லை. விளிம்பில் தகடு உப்பி, மினுங்கி, சொட்டியது.

"முக்கால் டப்பா வாங்குவாளா?" என்றான் கொராடோ.

"முக்கால் தண்ணி ஊத்தறவன் இருந்தா வாங்குவா."

இருவரும் சிரித்தார்கள்.

வழி கிடைத்தது காதில். அந்த மின்சுடர் ரீங்கரிக்கும். சூடு ஏறினால் ரீங்காரம் முரடாகும், இறங்கினால் மெலியும். கால் எங்கே இருக்கிறது என்று கால் சொல்லாவிட்டாலும் சுடர் சொல்கிறதே. நாற்காலிச் சத்தத்தை வைத்து நர்ஸை ஏமாற்றின அதே காதுதான். இந்த முறை உருப்படியான வேலைக்கு வந்தது.

"கொராடோ, ரேடியோவை நிறுத்து."

"கடைசி நாள் ஆட்டம்யா!"

"நிறுத்துய்யா. காதால மிதிக்கணும்."

கொராடோ அந்தத் தியாகத்தைச் செய்தான். செய்துவிட்டுத் தினமும் சொல்லிக் காட்டினான். கட்டையை உருவிப் போட்டுவிட்டு, கோலின் கண்ணால் உருகின உலோகக் குட்டையையும் காதால் காலையும் பார்த்தபடி பழகினான். சத்தம் முரடானால் தொடையை உயர்த்தினான். தொடைக்கு உணர்வு இருந்தது. எடுத்த எடுப்பில் வரவில்லை. சில தடவை நிறைய உயர்த்தினான், சுடர் அணைந்தது. சில தடவை காதுக்கு எட்டுவதற்குள் தகடு விழுந்தது. பெஞ்சுக்கடியில் சொட்டின துளிகள் கீழே தெறித்து வெள்ளி வெள்ளியாகக் கிடந்தன.

அப்படி ஒருநாள், அது விடுமுறை நாள், தெருவெங்கும் வீட்டுப் பின்கட்டுகளில் கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள். சாத்தின ஷெட்டுக்குள்ளும் வாடை வந்தது.

"உன் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சுடவே தெரியாது," என்றான் கொராடோ. "தீய விடறான் பாரு. ஆட்டுக்கறியா?"

"கம்பளியும் சேர்த்துச் சுடறான் போல," என்றான் கோலின். "உரிக்காமலே போட்டுட்டானோ என்னவோ."

"கேட்டா சாஸ் ஊத்தித் தின்னுடுவான்."

சிரித்துக்கொண்டே அடுத்த தகட்டைத் துடைத்தான். கோலினுக்குக் கால் எப்போதும் சில்லிடும். ஊரே செருப்போடு அலைகிற ஜனவரியில் அவனுக்குக் கம்பளிக் காலுறை, இரவிலும். பாதம் வீங்குகிறதென்று பூட்ஸைச் சுண்டுவிரல் பக்கம் அவனே வெட்டித் தளர்த்தியிருந்தான். காலைக் கழுவும்போதுகூடக் குனிந்து பார்ப்பதில்லை. பார்க்காத சரக்கு கெடாது என்று நம்புகிறவன் கடைக்காரனாக இருந்தால் ஒரு கோடையில் திவாலாவான்.

புதன்கிழமை அவனுக்கு வந்தது.

அப்படித்தான் சொல்ல வேண்டும். செய்தான் என்பதைவிட வந்தது என்பதே சரி. டப்பாவின் பன்னிரண்டு விளிம்புகளும். ரீங்காரம் ஒரே சீராக ஓடி, மூலைக்கு மூலை தணிந்து, அடங்கியது. ஹெல்மெட்டைத் தூக்கினான். ஓட்டை இல்லை. கரி இல்லை. கொராடோ கழுத்தை நீட்டிப் பார்த்தான். விரலால் தடவிப் பார்த்தான். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாங்குகிறவனாக நின்று பழகாதவன் அவ்வளவு நேரம் பார்த்தான்.

"சைக்கிள் பம்ப் எடுத்துட்டு வரேன்," என்றான் கடைசியில்.

சலவைத் தொட்டியில் சோப்புத் தண்ணீர். காற்றடித்து டப்பாவை முக்கினார்கள். இருவரும் மூச்சுவிடவில்லை, தாங்களே குமிழியாகிவிடுவோமோ என்பதுபோல. தண்ணீர் அசைந்து, அசைந்து, நின்றது. ஒன்றும் வரவில்லை.

"பொம்பளை உன்னை எடுத்துக்குவா," என்றான் கொராடோ. "எடுத்துக்கலேன்னா இந்த டப்பாவை நானே வாங்கிக்கறேன்."

"எவ்வளவுக்கு?"

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்."

கோலின் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். கொல்லைக் கதவருகே வழக்கம்போலப் பூட்ஸைக் கழற்றினான். ரேலீன் பேக்கரியிலிருந்து வந்து, அடுக்களை மேசையருகே கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் போய் அவள் முன்னால் டப்பாவை வைத்தான்.

"ரே, இதைப் பாரு. ஒரு குமிழி இல்ல. ஒண்ணுகூட இல்ல."

அவள் டப்பாவைப் பார்க்கவில்லை. அவன் வந்த வழியைப் பார்த்தாள். கதவிலிருந்து மேசைவரை லினோலியம் தரையில் ஒற்றைக்கால் தடங்கள், வலதுகால் மட்டும், ஈரமாக.

"எதைக் கொட்டிட்டு வந்தே?"

"சோப்புத் தண்ணியா இருக்கும்."

"சோப்புத் தண்ணி இந்த நெறத்துலயா இருக்கு?" அவள் எழுந்தாள். "உக்காரு. உக்காருன்னேன்ல."

காலுறை தானாக வரவில்லை. தண்ணீர் விட்டு நனைத்து, கத்தரியால் கீறி எடுத்தாள். கம்பளியில் விரலளவு ஒரு கருகல். அதற்கு நேர் கீழே, சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் சதை இறங்கின குழிக்குள் ஒரு அலுமினியத் துளி, மூக்குத்திக் கல்போல மினுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் பாதம் கருநீலம். சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது.

கோலின் அதை இன்னொருத்தன் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "வலிக்கல ரே," என்றான்.

"அதான் பாக்கறேனே." அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "எப்ப விழுந்துச்சு இது?"

அவன் யோசித்தான். பக்கத்து வீட்டுக்காரனையும் ஆட்டுக்கறியையும் நினைத்தான். சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் போலாம். டெஸ்ட் முடிஞ்ச கையோட. நானே வண்டிய நேரா ஆஸ்பத்திரிக்கு விடறேன். சத்தியமா."

"கோலின்."

"ரெண்டே நாள். இவ்ளோ நாள் ஒண்ணும் ஆகலியே."

"கோலின், நாத்தம் அடிக்குது."

அவன் வண்டிச் சாவியை அவளிடம் நீட்டினான்.

அடிலெய்டு ஆஸ்பத்திரியில் இளம்பெண்ணாக ஒரு டாக்டர் வந்தாள். படம் எடுத்ததில் எலும்புவரை சீழ் போயிருப்பதாகச் சொன்னாள். இரண்டு விரல்களையாவது எடுக்க வேண்டியிருக்கும் என்றாள்.

"மூணா எடுத்துக்கங்க," என்றான் கோலின். "வெள்ளிக்கிழமை காலையில என்னை விட்டுடுங்க. உக்காந்து செய்யற வேலைதான்."

அவள் சிரிக்கவில்லை. "இதுல விலை நான் வெக்கறதில்ல மிஸ்டர் டிரெசைஸ். திறந்து பாத்தாத்தான் தெரியும்."

திறந்து பார்த்தார்கள். விரல்களோடு நிற்கவில்லை. வலது பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். மிச்சத்தைப் பற்றி, "பொறுத்துப் பார்க்கலாம்" என்றார்கள். வியாபாரத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கோலினுக்குத் தெரியும். ஊரிலுள்ள விற்பனைப் பலகைகள் எல்லாவற்றுக்கும் அதுதான் அர்த்தம்.

ரேலீன் டெனிஸுக்குப் போன் பண்ணினாள். டெனிஸ் நிஜமாகவே வருத்தப்பட்டாள். கோடைக்குள் முடிக்க வேண்டிய தொட்டிகள் வரிசையில் நிற்கின்றன, என்னால் காத்திருக்க முடியாதம்மா என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள். கோலின் இருந்தாலும்.

ஞாயிற்றுக்கிழமை கொராடோ வந்தான். அத்தனை தூரம் வண்டி ஓட்டி, ஒரு பெட்டி பீச் பழத்தோடு. நல்ல பழம்; அழுகல் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்ததுமே கோலினுக்குத் தன் நிலைமை புரிந்துவிட்டது.

கொராடோ ரேலீன் பக்கம் திரும்பவில்லை. "எனக்குத் தெரியும்," என்றான் தரையைப் பார்த்து. "கால் மரத்தது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வரைக்கும்னு ஒத்துக்கிட்டேன்."

"அவனே சொல்லிட்டான்," என்றாள் ரேலீன். "நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு." அதற்குமேல் அவனை அவள் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவன் உட்கார்ந்தான், அடிக்குப் பயந்த பையன் மாதிரி கட்டிலின் ஓரமாக.

"நீ மேசையில விட்டுட்டு வந்த டப்பாவை எடுத்துட்டுப் போனேன்," என்றான்.

"எங்க?"

"டெனிஸ்கிட்ட. வெள்ளிக்கிழமைதானே? போய் நின்னேன். ஆளு வரல, சரக்கு வந்திருக்குன்னேன்."

கோலின் தலையணையிலிருந்து எழ முயன்றான். "முக்கினாளா?"

"முக்கினா. உன் பம்ப் மாதிரி இல்ல, நெஜமான கம்ப்ரஸர். வெடிச்சுடுமோன்னு நான் ரெண்டடி தள்ளி நின்னேன்."

"குமிழி?"

"இல்ல."

கோலின் கண்ணை மூடிக்கொண்டான். மூடின கண்ணோடேயே கேட்டான்: "என்ன சொன்னா?"

"ரொம்ப நேரம் தையலைப் பாத்தா. யார்கிட்டப் படிச்சான்னு கேட்டா. காதாலன்னேன். அவளுக்குப் புரியல."

"அப்புறம்?"

"வேற ஒரு பையன் வந்திருந்தான். அவனை எடுத்துக்கிட்டா."

"அவன் டப்பா எப்படி?"

கொராடோ பீச் பழம் ஒன்றை எடுத்துத் துடைத்தான். துடைத்த பழத்தையே மறுபடியும் துடைத்தான்.

"ரெண்டு குமிழி வந்துச்சு மேட்," என்றான். "ஆனா அவனுக்குக் காலும் ரெண்டு இருக்கு."

முதலில் கோலின்தான் சிரித்தான். பிறகு கொராடோ. பக்கத்துப் படுக்கைக் கிழவர் என்ன ஏது என்று தெரியாமலே கூடச் சிரித்தார். ரேலீன் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கெய்லீன்கிட்டப் பேசிட்டேன்," என்றாள். "இங்கேர்ந்து நேரா அங்க போயிடலாம். வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டேன். சாமான்களை அப்புறம் பாத்துக்கலாம்."

கோலின் அவள் பக்கம் திரும்பினான்.

"அங்க ஷெட் உண்டா ரே?"

"அது மூணாவது மாடி, கோலின்." அவள் அவன் போர்வையைச் சரிசெய்தாள். கால் முடிகிற இடம்வரை சரிசெய்து, அங்கே ஒரு கணம் தயங்கி, மிச்சத் துணியை மெத்தைக்கடியில் செருகினாள். "லிஃப்ட் இருக்கு," என்றாள்.